கேட்டையும் சம்பையும் சரிசெய்யுங்கள், வாத்தை விட்டுவிடுங்கள்

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் முப்பதுக்கு நாற்பது அடி மனையில் தனி வீடு. ஒன்றரை வயது ஆண் லாப்ரடார் வைத்திருக்கிறோம். கேட்டைத் திறந்தால் போதும், தெருவுக்கு ஓடிவிடுகிறான். அதனால் பகல் முழுக்கச் சங்கிலியில்தான் இருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுப்பேன் என்கிறார். கட்டிப்போடாமல் காம்பவுண்டுக்குள் பத்திரமாக வைத்திருக்க வழி உண்டா? இன்னொன்று. கனடாவில் இருக்கும் என் கொழுந்தனார் டிசம்பரில் வருகிறார். 'லாப்ரடார் வேட்டை நாய்தானே அண்ணி, ஏரிக்குக் கூட்டிப்போய் வாத்து வேட்டை பழக்கலாம்' என்கிறார். பெர்மிட் வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பணம் கைமாறப் போகிற விஷயம் என்பதால் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கொடுக்காதீர்கள். இந்தியாவில் பொழுதுபோக்குக்காகக் காட்டு வாத்தைச் சுட பெர்மிட் என்று ஒன்று கிடையவே கிடையாது. அந்த ஆள் எந்த முத்திரையைக் காட்டினாலும் அது வெறும் காகிதம். விவரத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் நாயைப் பார்ப்போம்.

ஒன்றரை வயது லாப்ரடார் ஓடுவது கெட்ட பழக்கம் இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு குளிர்ந்த கடலில் வேலை செய்த நாய்களின் வம்சம் அது. அப்புறம் பிரிட்டனில், சுட்டு விழுந்த பறவையை நசுக்காமல் வாயில் கவ்வி எடுத்துவரப் பழக்கினார்கள். அப்படிப்பட்ட உடம்பைப் பகல் முழுக்கச் சங்கிலியில் நிறுத்தினால், கேட் திறக்கும் அந்த ஒரு நொடிக்காகவே அது காத்திருக்கும். காலையில் ஒரு நல்ல நடை, மாலையில் ஒரு நல்ல நடை, நடுவில் பந்தை எறிந்து எடுத்துவரச் சொல்லும் விளையாட்டு. இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் வீண். கருத்தடை அறுவை சிகிச்சையையும் யோசியுங்கள். ஆண் நாய் ஊர் சுற்றுவது அதில் பெரும்பாலும் குறையும். லாப்ரடாருக்கு ஒரு வயதுக்குள் செய்தால் மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு கூடும் என்பதால் நான் அவசரப்படுத்துவதில்லை. உங்கள் நாய் அந்த வயதைத் தாண்டிவிட்டது.

இப்போது கேட். உங்கள் பிரச்சினைக்கு மருந்து நாயிடம் இல்லை, வெல்டரிடம் இருக்கிறது. தெருக் கேட்டுக்கு உள்ளே, வண்டி நிற்கும் இடம் முடிகிற இடத்தில், சுவரிலிருந்து சுவர் வரை இடுப்பளவு உயரத்தில் இன்னொரு கிரில் கேட் போடச் சொல்லுங்கள். ஸ்பிரிங் வைத்துத் தானாக மூடிக்கொள்ள வேண்டும், உள்பக்கமாகத் திறக்க வேண்டும். நாய் பாய்ந்து வந்து முட்டினாலும் கேட் இன்னும் இறுக்கமாகத்தான் மூடும். ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோரும், முக்கியமாகப் பள்ளிவிட்டு வரும் குழந்தைகளும், பழகிக்கொள்ள வேண்டும். அடியில் இடைவெளி இருந்தால் லாப்ரடார் தோண்டும். அந்த இடத்தில் மட்டும் ஒரு வரிசை கல் பதித்துவிடுங்கள்.

வெல்டர் வரும்போது இன்னொரு வேலையும் வாங்கிக்கொள்ளுங்கள். பெங்களூரு கேட்டுகளில் அழகுக்கென்று மேலே வேல்முனை வைப்பது ஒரு வியாதி. பாதி தாண்டி, வயிற்றிலோ தொடையிலோ அந்த முனை ஏறி வரும் நாய்களைத் தைப்பது கால்நடை மருத்துவர்களான எங்களுக்குப் பழகிப்போன வேலை. முனைகளை அறுத்துவிட்டு மேலே ஒரு தட்டையான பைப்பை வைத்து வெல்ட் செய்யச் சொல்லுங்கள். திருடனைத் தடுக்க என்று சுவர்மேல் கண்ணாடிச் சில் பதித்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். திருடன் சாக்கைப் போட்டுத் தாண்டிவிடுவான். நாய்க்கு அது தெரியாது.

அடுத்தது சம்ப். காவேரித் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோ, தரைக்கு அடியில் தொட்டி இல்லாத தனி வீடு இந்த ஊரில் அபூர்வம். அதன் மூடி பெரும்பாலும் துருப்பிடித்த தகரம். முப்பது கிலோ நாய் அதன்மேல் தாவினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே சுவர் வழவழப்பு, ஏறவும் பிடிப்பு இல்லை. லாப்ரடார் நன்றாக நீந்தும் என்று ஆறுதல் சொல்வார்கள். எவ்வளவு நேரம் நீந்தும்? பூட்டு போடக்கூடிய கனமான மூடி போடுங்கள். மோட்டார் ஒயர் தரையில் கிடந்தால் குழாய்க்குள் விடச் சொல்லுங்கள்.

செடிகளில் இரண்டு மட்டும் சொல்கிறேன். அரளி, குட்டைப் பனைபோல் இருக்கும் சைக்காஸ். அரளி இதயத்தைப் பிடிக்கும். சைக்காஸின் எல்லாப் பாகமும் விஷம், விதை மிக மோசம், ஈரலையே அழித்துவிடும். நர்சரிக்காரர்கள் சைக்காஸை 'ஸார், மெயிண்டனன்ஸே வேண்டாம்' என்று ஊர் முழுக்க விற்றுவைத்திருக்கிறார்கள். எலி மருந்து வைப்பதாக இருந்தால் காம்பவுண்டுக்குள் வைக்கவே வேண்டாம். ரத்தம் உறையவிடாத வகை மருந்தைத் தின்ற நாய் மூன்று நான்கு நாள் நன்றாகவே இருக்கும், அதற்குப் பிறகுதான் உள்ளுக்குள் ரத்தம் கசியத் தொடங்கும். சந்தேகம் வந்த அன்றே பாக்கெட்டோடு டாக்டரிடம் போங்கள். இதற்கு வைட்டமின் கே-1 என்ற முறிவு மருந்து உண்டு, நேரத்தோடு வந்தால். உண்ணிக்கு மாதாமாதம் மருந்து. சுவர் விரிசல்களைப் பூசிவிடுங்கள், உண்ணி முட்டையிடுவது நாய்மேல் அல்ல, அங்கேதான்.

இவ்வளவும் செய்துவிட்டால் சங்கிலி தேவைப்படாது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லோரும் அதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

டேங்கர் வரும் நேரம். தெருக் கேட்டும் உள் கேட்டும் திறந்திருக்கும், நடுவில் ஹோஸ் கிடக்கும், அதனால் எதையும் மூட முடியாது. சம்பின் மூடியும் திறந்திருக்கும். நான் மேலே சொன்ன இரண்டு ஆபத்தும் ஒன்றாக வரும் கால் மணி நேரம் அது. டிரைவர் இன்னும் மூன்று வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருப்பார், உங்கள் நாய் அவர் கவலை இல்லை. அப்போது நாயை வீட்டுக்குள் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துவது முதல் வழி. அது முடியாவிட்டால் மட்டும் கட்டுங்கள். கட்டுவதற்கும் முறை இருக்கிறது. கழுத்துப் பட்டையில் கட்டாதீர்கள், மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸில் கட்டுங்கள். இழுத்தால் இறுகும் சங்கிலி கூடவே கூடாது. கொக்கி தரையை ஒட்டி இருக்க வேண்டும். கேட் கம்பியில் கட்டினால் கேட்டைத் தள்ளும்போது நாயும் சேர்ந்து இழுபடும். மிக முக்கியம்: சுவருக்கோ மாடிப்படிக்கோ பக்கத்தில் கட்டாதீர்கள். கயிறு சுவரைத் தாண்டும் அளவு நீளமாகவும், மறுபக்கத் தரையைத் தொடாத அளவு குட்டையாகவும் இருந்துவிட்டால் நாய் தாவி அப்படியே தொங்கிவிடும். இப்படி நாய் சாவது நடக்காத விஷயம் இல்லை. தண்ணீர் நிறையும்வரை யாராவது ஒருவர் கூடவே நில்லுங்கள். ஹோஸைச் சுருட்டியதும் சம்பைப் பூட்டி, இரண்டு கேட்டையும் சாத்தி, அதற்குப் பிறகு அவிழ்த்துவிடுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது.

இனி உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப்போகும் ஆட்களைப் பற்றி. நாய் ஓடுகிறது என்று தெருவில் தெரிந்துவிட்டதல்லவா, வருவார்கள்.

முதல் ஆள் ஷாக் காலர் விற்பவர். 'கேட் எதற்கு, எல்லையைத் தாண்டினால் கழுத்தில் சுருக்கென்று அடிக்கும்' என்பார். தெருவில் பூனையைப் பார்த்துப் பாயும் நாய் அந்த வேகத்தில் ஷாக்கைத் தாங்கிக்கொண்டு வெளியே போய்விடும். திரும்பி வரும்போது அதே எல்லையில் அடி விழும் என்று பயந்து உள்ளே வராது. வெளியிலிருந்து உங்கள் காம்பவுண்டுக்குள் வரும் தெருநாயை அது தடுக்கவும் தடுக்காது.

இரண்டாவது ஆள் சிப் விற்பவர். நாயின் தோலுக்கடியில் போடும் மைக்ரோசிப் நல்லதுதான், நானே போடுகிறேன். ஆனால் 'மொபைலில் நாய் எங்கே இருக்கிறது என்று காட்டும்' என்று சொல்லி அதற்கொரு விலை வாங்குகிறார்கள். அந்தச் சிப்பில் பேட்டரியே கிடையாது. ஸ்கேனரைக் கிட்டே கொண்டுபோனால் பதினைந்து இலக்க எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். உங்கள் போன் நம்பர் பொறித்த தகடு ஒன்றைப் பட்டையில் மாட்டுங்கள், தெரு முனைக் கடைக்காரர் அதைப் பார்த்துத்தான் உங்களைக் கூப்பிடுவார்.

மூன்றாவது, 'நாயை எங்கள் ஃபார்மில் விடுங்கள், காவல் டிரெய்னிங் கொடுத்துத் திருப்பித் தருகிறோம்' என்பவர். லாப்ரடாருக்கு அது ஒத்துவராத வேலை. நாய் அங்கே சங்கிலியிலா கூண்டிலா என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. பயிற்சி வேண்டுமென்றால் உங்கள் வீட்டிலேயே, உங்கள் கண் முன்னால் நடக்கட்டும்.

இப்போது வாத்து. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது, பொழுதுபோக்கு வேட்டைக்கு இருந்த கதவுகளை 1991 திருத்தம் அடைத்தது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டுமில்லை. துரத்துவது, வலை விரிப்பது, பொறி வைப்பது, இரை போட்டு இழுப்பது எல்லாமே அதில் அடங்கும். அதாவது துப்பாக்கியே இல்லாமல், ஏரிக் கரையில் நாயை அவிழ்த்து வாத்துகள்மேல் ஏவினாலும் வழக்கு வரலாம். 2022 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக அதிகப் பாதுகாப்புள்ள பட்டியலில், இருக்கும் உயிரினம் என்றால் மூன்றாண்டு என்பதே குறைந்தபட்சம். பெர்மிட்காரர் அன்றைக்கு உங்களோடு ஏரிக்கு வரமாட்டார் என்பதையும் கவனியுங்கள். வனத்துறை பிடித்தால் கொழுந்தனாரின் பாஸ்போர்ட்தான் சிக்கும். 'சுட வேண்டாம், பிடித்த வாத்தைத் தருகிறேன்' என்று இறங்கி வந்தாலும் வாங்காதீர்கள். வலைபோட்டுப் பிடித்ததை வாங்குவதும் குற்றம்.

கொழுந்தனாருக்கு ஒரு வார்த்தை. கனடாவில் இது சட்டப்படியான விஷயம், அங்கே போய்ச் செய்யட்டும். மத்திய அரசின் இடம்பெயர் பறவை வேட்டை அனுமதி, அதோடு ஒட்டும் ஸ்டாம்ப், மாகாண உரிமம், துப்பாக்கி உரிமம் எல்லாம் வேண்டும். நீர்ப்பறவைக்கு ஈயக் குண்டு அங்கே தடை. அறுவடையான வயலில் விடியலுக்கு முன் போலி வாத்துகளை அடுக்கி, பறவை காற்றை எதிர்த்துத்தான் இறங்கும் என்பதைக் கணக்கிட்டுக் காத்திருப்பார்கள். நாய் அதுவரை அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரளக்கூடாது. அதற்கு மாதக்கணக்கில் பழக்குவார்கள். தீபாவளிக்கு உங்கள் நாய் எந்தக் கட்டிலுக்கு அடியில் இருந்தது என்று கொழுந்தனாரிடம் சொல்லிப் பாருங்கள்.

ஏரியில் நாயை இறக்குவதே கூடாது என்பது என் கட்சி. நம் ஏரிகள் பலவற்றில் சாக்கடை கலக்கிறது. எலிக்காய்ச்சல் கிருமி தேங்கிய நீரில் இருக்கும், நாயிடமிருந்து வீட்டாருக்கும் வரும். பச்சைப் பாசி படர்ந்த தண்ணீரைக் குடித்த நாய் சில மணி நேரத்திலேயே போய்விடலாம். எலிக்காய்ச்சல் தடுப்பூசி ஆண்டுதோறும் போட்டே ஆக வேண்டும்.

கொழுந்தனாருக்கு வாத்து பார்த்தே ஆக வேண்டுமென்றால் பைனாகுலரோடு கதக் மாவட்டத்து மாகடி ஏரிக்குப் போகட்டும். திபெத், மங்கோலியா பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் அங்கே கூட்டமாக இறங்கும். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2024-இல் சேர்ந்த இடம் அது. பெங்களூரு பக்கத்திலிருக்கும் மாகடி ஊருக்கு வண்டியைத் திருப்பிவிட வேண்டாம், இரண்டும் வேறு. நாயை வீட்டில் விட்டுப் போங்கள்.

கடைசியாகப் பக்கத்து வீட்டுக்காரர். கோபம் வேண்டாம், அவர் பக்கம் சட்டம் இருக்கிறது. மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பது, 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். எத்தனை மணி நேரம் நியாயமற்றது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஆமாம், இன்றைக்கும் அவ்வளவுதான். உங்கள் தெருவில் அந்தக் காசுக்கு ஒரு மசால் தோசை கிடைக்கிறதா பாருங்கள். இத்தனை ஆண்டுகளாக இந்த ஐம்பதை உயர்த்த ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. வதைக்கப்பட்ட நாயைத் தூக்கிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனால், 'ஐம்பது ரூபாய் கேஸுக்கு எதற்கு ஸார் எஃப்ஐஆர்' என்று என்னையே சமாதானப்படுத்தி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தப் புகார் மிரட்டலை வைத்தே ஓர் ஏஜெண்ட் வருவார். 'உங்கள் நாய் தடைப் பட்டியலில் இருக்கிறது, நான் சரிக்கட்டுகிறேன்' என்பார். 2024 மார்ச்சில் இருபத்து மூன்று நாய் இனங்களைத் தடைசெய்யச் சொல்லி மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையைச் சொல்கிறார். லாப்ரடார் அதில் இல்லை, அந்தச் சுற்றறிக்கையையும் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்துவிட்டது. நாய் உரிமம் வாங்க ஏஜெண்டும் வேண்டாம். மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்தாகப் பிரிந்ததால் எந்த அலுவலகம் என்பதில் குழப்பம் இருக்கலாம், உங்கள் வார்டு அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். ரேபிஸ் தடுப்பூசிச் சான்று தேதி தாண்டாமல் கையில் இருக்கட்டும். வெல்டர் வேலையை முடித்ததும் பக்கத்து வீட்டுக்காரரை ஒருமுறை உள்ளே கூப்பிட்டு, சங்கிலி இல்லாமல் நாய் நிற்பதைக் காட்டுங்கள். டேங்கர் வரும் நாளில் மட்டும் கொஞ்ச நேரம் கட்டுவோம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.