உதவித்தொகையை ஏற்றுவிட்டால் அந்தக் கல்லூரியில்தான் சேர வேண்டுமா?

கேள்வி: மகளுக்கு அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்றில் வருடத்துக்கு 22,000 டாலர் உதவித்தொகை; ஏப்ரல் 15-க்குள் இணையப் பக்கத்தில் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தச் சொல்கிறார்கள். இன்னொன்றில் 15,000 டாலர். எதில் சேர்ப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. அழுத்தினால் மாட்டிக்கொள்வோமோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: பயப்படாமல் அழுத்தச் சொல்லுங்கள் அம்மா. உதவித்தொகையை ஏற்பது வேறு, இடத்தை உறுதி செய்வது வேறு. சேர்க்கை முன்பணம் கட்டினால்தான் இடம் உறுதியாகும். பெரும்பாலான கல்லூரிகளில் அதற்குக் கடைசி நாள் மே 1. ஆனால் உதவித்தொகையைக் கெடுவுக்குள் ஏற்காவிட்டால் அது கைநழுவிப் போகலாம். இரண்டு கல்லூரியிலும் ஏற்று வைப்பதில் தவறில்லை.

அழுத்துவதற்கு முன் கடிதத்தை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். ‘இதை ஏற்றால் சேர்வதாகப் பொருள்’ என்ற வரி சில பெரிய உதவித்தொகைகளில் உண்டு. இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் ‘எர்லி டிசிஷன்’ முறையில் விண்ணப்பித்திருந்தால் அதுவே கட்டுப்படுத்தும். இணையப் பக்கத்தில் பெரும்பாலும் ஒவ்வொரு தொகைக்கும் தனித்தனி பொத்தான் இருக்கும். கடன் என்று ஏதாவது வரி இருந்தால் அதை மட்டும் ஏற்காமல் விடுங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு அமெரிக்க அரசின் கல்விக்கடன் கிடையாது. அதனால் அது யார் தரும் கடன், வட்டி என்ன என்று முதலில் கேட்க வேண்டும்.

22,000 என்ற எண் கண்ணை மறைக்கக் கூடாது. கட்டணம், விடுதி, சாப்பாடு, காப்பீடு, புத்தகம் எல்லாம் சேர்த்து முதல் கல்லூரியில் வருடம் 62,000 டாலர், இரண்டாவதில் 48,000 என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் கையிலிருந்து போவது 40,000, 33,000. சிறிய உதவித்தொகை தருகிற இடம்தான் நான்கு வருடத்தில் 28,000 டாலர் மலிவு. கட்டணம் ஆண்டுதோறும் ஏறும், உதவித்தொகையோ பெரும்பாலும் அதே தொகையில் நிற்கும். எத்தனை வருடத்துக்குத் தருகிறார்கள், எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிறுத்துவார்கள் என்பதை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். 4-க்கு 3.0 சராசரி கேட்கும் இடங்கள் நிறைய. புதிய ஊரில் முதல் பருவத்தில் அது எளிதல்ல.

முன்பணத்தை ஒரே கல்லூரிக்கு மட்டும் கட்டுங்கள். இரண்டு இடத்தில் கட்டுவது தெரிந்தால் அனுமதியையே ரத்து செய்யலாம். காத்திருக்கும் ஒரு பிள்ளையின் இடத்தையும் அடைத்து வைக்கிறோம். மற்ற கல்லூரிக்கு ‘வரவில்லை’ என்று இரண்டு வரி எழுதிவிட வேண்டும். மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் இரண்டு கல்லூரியிலிருந்தும் வந்தால், சேரப்போகும் கல்லூரியின் ஐ-20-ல் உள்ள சேவிஸ் எண்ணுக்கு (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவு எண்) 350 டாலர் கட்டி, அதையே விசா நேர்காணலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: மகன் அமெரிக்காவில் எந்தக் கல்லூரி என்று முடிவு செய்யும் முன்பே, மாந்தோப்பை அடமானம் வைத்துக் கல்விக்கடனுக்கு எழுதிப்போடலாமா?
- வாசகர், நகரி, ஆந்திரா

பதில்: இப்போதே தொடங்குங்கள். நாள் பிடிப்பது ஈ.சி. (வில்லங்கச் சான்றிதழ்), வழக்கறிஞர் கருத்து, சொத்து மதிப்பீடு ஆகியவைதான். அவை கல்லூரியைப் பொறுத்தவை அல்ல. ஆனால் தோப்பை மட்டும் நம்ப வேண்டாம். கடன் திரும்பாவிட்டால் நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சர்பாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பதால் பல வங்கிகள் தயங்கும். வீடு, மனை, வைப்புத்தொகை இருந்தால் அதைக் காட்டுங்கள். பத்திரம் தெலுங்கில் இருக்கும். திருத்தணிக்கோ சென்னைக்கோ ஓடாமல் உங்கள் பக்கத்துக் கிளையிலேயே கொடுப்பது நல்லது. வங்கி தரும் கடன் ஒப்புதல் கடிதத்தில் கல்லூரியின் பெயர் இருக்கும். மாற்றினால் புதுக் கடிதம் வாங்க வேண்டும். ஐ-20 வாங்க முதல் வருடச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட அந்தக் கடிதம் உதவும். முன்பணம் கட்டிக் கல்லூரி உறுதியாகும்வரை கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.