200 டாலரில் 20

வணக்கம்.

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். சனிக்கிழமைகளில், ஏழைகளுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் ஒரு ஃபுட் பேண்ட்ரியில் சாமான் எடுத்துக் கொடுக்கப் போகிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காரில் வருகிறார்கள். கையில் ஸ்மார்ட்ஃபோன். உலகத்தின் பணக்கார நாடு இது. பார்க்கும் கடையிலெல்லாம் ஆள் தேவை என்று போர்டு தொங்குகிறது. இதை வறுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோம்பலும் பொறுப்பில்லாத செலவும்தான் காரணமோ? பணம் கொடுத்துப் பழக்கினால் இன்னும் கெட்டுப்போக மாட்டார்களா?

ஆனால் ஓர் அம்மா வருவார். அவருடைய 24 வயது மகனுக்குப் பிறவியிலேயே மனவளர்ச்சிக் குறைபாடு. மனம் கேட்காமல், மகன் கணக்கில் மாதம் 200 டாலர் போட்டுவிடுகிறேன் என்றேன். பதறிவிட்டார். "அரசு தரும் எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகையில் பிடித்துவிடுவார்கள், வேண்டாம். முடிந்தால் என் வண்டிக்கு ஒரு பேட்டரி வாங்கிக் கொடுங்கள்" என்றார். பணத்தை மறுத்துவிட்டுப் பொருள் கேட்கிறாரே, ஏதோ மறைக்கிறாரோ என்று தோன்றியது. இவர்களுக்குப் பொருளாகக் கொடுப்பது நல்லதா, பணமாகவா?

(கடிதம் எழுதியவர் தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கை உதவி செய்யத்தான் நீண்டிருக்கிறது. மறுக்கப்பட்ட பிறகும் அந்த அம்மாவை மறக்க முடியாமல் எழுதியிருக்கிறீர்கள். பல நாளாக நான் யோசித்துக்கொண்டிருக்கும் விஷயத்தில் வந்து விழுந்தது உங்கள் கடிதம். ஆனால் "ஏதோ மறைக்கிறாரோ" என்று எழுதினீர்களே, அதைக் கண்டிக்காமல் மேலே போக முடியாது. அவர் எதையும் மறைக்கவில்லை. நீங்கள் படித்திராத சட்டம் அவருக்கு மனப்பாடம், அவ்வளவுதான்.

கார் பற்றிய பேச்சை விடுங்கள். கார் இல்லாத ஏழைகளில் பலர் உங்கள் பேண்ட்ரிவரை வந்து சேரவே மாட்டார்கள். அவர்கள் உங்கள் கண்ணில் படுவதில்லை. சோம்பல் பற்றியும் ஒரே ஒரு பெருக்கல்தான் சொல்வேன். டெக்சாஸில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலையிலிருந்து அது நகரவில்லை. வாரம் 40 மணி நேரம், ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் 52 வாரம் உழைத்தால் 15,080 டாலர். தனி ஆளுக்கு 2025-இல் அரசு போட்ட வறுமைக்கோடு 15,650. முழுநேரம் உழைத்தவர் கோட்டுக்குக் கீழே நிற்கிறார். மானியத்தோடு கூடிய மருத்துவக் காப்பீடு அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு மெடிக்கெய்டு, அதாவது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, என்று 2010-இன் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வகுத்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது, டெக்சாஸ் ஏற்கவில்லை. ஆகவே உடல் ஊனமோ பிள்ளைகளோ இல்லாத அந்தத் தொழிலாளிக்கு மானியமும் கிடையாது, மெடிக்கெய்டும் கிடையாது. 570 டாலர் கூடச் சம்பாதித்திருந்தால் மானியம் கிடைத்திருக்கும்.

இனி அந்த அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

எஸ்.எஸ்.ஐ. என்பது வருமானமும் சொத்தும் மிகக் குறைவாக உள்ள முதியோர், பார்வையற்றோர், மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு மாதாமாதம் தரும் தொகை. 1972-இல் சட்டமாகி 1974-இல் நடைமுறைக்கு வந்தது. 2025-இல் தனி ஆளுக்கு அதிகபட்சம் 967 டாலர். வருடத்துக்கு 11,604. முழுத் தொகை வாங்கினாலும் வறுமைக்கோட்டை எட்டாது. இதன்மேல் வேறு பணம் வந்தால் பெரும்பாலும் அது வருமானம். உழைக்காமல் வரும் வருமானத்தில் மாதம் முதல் 20 டாலரை மட்டும் விட்டுவிட்டு, மீதியை டாலருக்கு டாலர் கழிப்பார்கள். நீங்கள் மாதாமாதம் 200 போட்டால் மகனின் உதவித்தொகையில் 180 குறையும். உங்கள் 200-இல் அவனுக்கு மிஞ்சுவது 20. மற்ற 180 உங்கள் பையிலிருந்து அரசாங்கக் கஜானாவுக்குப் போகிறது. 1974-இல் வைத்த அந்த 20 டாலர் இன்றைக்கும் 20 டாலர்தான்.

பணம் வந்ததை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்லியாக வேண்டும். சொல்லத் தவறினால், அதிகமாக வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கட்டுங்கள் என்று பிறகு கடிதம் வரும். அதற்குள் அந்தப் பணம் மருந்துக்கும் வாடகைக்கும் போயிருக்கும். வரும் மாதங்களின் தொகையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பார்கள். அந்த அம்மா பதறியது இதற்காகத்தான்.

இதைவிடக் கொடியது சேமிப்பின் உச்சவரம்பு. தனி ஆளிடம் 2,000 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது. கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து 3,000. குடியிருக்கும் வீட்டையும் ஒரு காரையும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வங்கி இருப்பை ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி பிறக்கும் நொடியில் பார்க்கிறார்கள். அந்த நொடியில் 2,001 டாலர் இருந்தால் அந்த மாதத்துக்கு உதவி இல்லை. 2025 கணக்கில், ஒரு டாலருக்காக 967 டாலர். டெக்சாஸில் எஸ்.எஸ்.ஐ.யோடு மெடிக்கெய்டு தானாகவே சேர்ந்து வருவதால், ஒன்று ஆட்டம் கண்டால் மற்றதற்கும் ஆபத்து. இந்த 2,000 டாலர் வரம்பு 1989-இல் வைத்தது. அதன்பிறகு விலைவாசி இரண்டரை மடங்கு ஏறியிருக்கிறது; வரம்பு ஏறவில்லை. நீங்கள் "பொறுப்பில்லாத செலவு" என்று எழுதினீர்கள். மாதக் கடைசியில் இருப்பு 1,950-ஐத் தொட்டுவிட்டால் எதையாவது வாங்கிச் செலவழித்தே ஆக வேண்டும் என்று சட்டமே ஒரு குடும்பத்தை நெருக்குகிறது. சேமித்தால் தண்டனை. அந்த வீட்டுக்குப் போய்ச் சிக்கனம் போதிக்க நமக்கு என்ன வாய் இருக்கிறது?

எஸ்.எஸ்.ஐ. வாங்கும் இருவர் திருமணம் செய்துகொண்டால் தொகை குறையும். 2025 கணக்கில், தனித்தனியாக வந்த மொத்தம் 1,934 டாலர் 1,450 ஆகிவிடும். 24 வயது மகன் அம்மா வீட்டில் தங்கி, வாடகையில் தன் பங்கைக் கொடுக்காவிட்டால் அதற்கும் தொகை குறையும். பெற்ற பிள்ளையிடம் வாடகை வாங்கி ரசீது வைத்துக்கொள்ளும் அம்மாக்கள் பணத்தாசை பிடித்தவர்கள் இல்லை. 2024 செப்டம்பர் 30-க்கு முன்பு, உறவினர் இலவசமாகப் போடும் சாப்பாட்டைக்கூட வருமானமாகக் கணக்கிட்டார்கள். அது இப்போது நீங்கியிருக்கிறது.

பணம் கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்ற சந்தேகத்துக்கு 2021-ஐப் பாருங்கள். ஜூலை முதல் டிசம்பர் வரை, 6 வயதுக்குக் கீழான குழந்தைக்கு மாதம் 300 டாலர், அதற்கு மேல் 17 வயது வரை 250 டாலர் வரை அமெரிக்க அரசிடமிருந்து வங்கிக் கணக்குக்கே போனது. சம்பாத்தியமே இல்லாத வீட்டுக்கும் முழுத் தொகை உண்டு. மற்ற கொரோனாக் கால உதவிகளும் சேர்ந்து, அரசு உதவிகளையும் கணக்கில் எடுக்கும் அளவீட்டில் குழந்தை வறுமை 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் திட்டத்தை நீட்டிக்கவில்லை. மறு வருடமே 12.4 சதவீதம். ஒரே வருடத்தில் அத்தனை பெற்றோரும் திடீரென்று சோம்பேறி ஆகிவிட்டார்களா?

நீங்கள் கேட்டது பொருளா பணமா என்று. உங்கள் பேண்ட்ரிக்குப் பணமாகக் கொடுங்கள். மொத்த விலையில் வாங்க அவர்களுக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குப் பேட்டரியே வாங்கிக் கொடுங்கள். வண்டி அவருடையது, கடைக்குப் பணம் கட்டுவது நீங்கள், மகன் கணக்கில் ஒரு காசும் ஏறாது. மகனின் ஃபோன் பில்லையும் நீங்களே நேராகக் கம்பெனிக்குக் கட்டலாம். அது அவனுக்கு வருமானம் ஆகாது. வாடகையை மட்டும் அப்படிக் கட்டாதீர்கள், கழித்துவிடுவார்கள். அம்மா கையில் மாதாமாதம் பணம் கொடுப்பதானால், அவர் ஃபுட் ஸ்டாம்ப் (உணவுக்கான அரசு உதவி) வாங்குகிறாரா என்று முதலில் கேளுங்கள். அங்கே அதற்குத் தனிக் கணக்கு.

மாதம் 200 கொடுக்கும் எண்ணம் இன்னும் இருந்தால், மகனுக்கு ஏபிள் (ABLE) கணக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனிச் சேமிப்புக் கணக்கு, இருக்கிறதா என்று விசாரியுங்கள். 2025 வரை, குறைபாடு 26 வயதுக்கு முன் தொடங்கியவர்களுக்கு மட்டும் இது இருந்தது. 2026 ஜனவரி முதல் அந்த வயது 46. அவனுக்குப் பிறவிக் குறைபாடு, தடையே இல்லை. மற்றவர்கள் அதில் போடும் பணம் எஸ்.எஸ்.ஐ.க்கு வருமானம் ஆகாது. 100,000 டாலர் வரை சொத்துக் கணக்கிலும் வராது. இரண்டு இடத்தில் தவறு நடக்கும். அவனுடைய வங்கிக் கணக்கில் போட்டுப் பிறகு ஏபிளுக்கு மாற்றினால் அது வருமானம் ஆகிவிடும். நேராக ஏபிளுக்கே அனுப்புங்கள். வாடகைக்கென்று அதிலிருந்து எடுத்தால் அதே மாதத்துக்குள் கட்டிவிட வேண்டும். மறு மாதம் 1-ஆம் தேதி வரை கையில் வைத்திருந்தால் அந்த 2,000 டாலர் வரம்புக்கான கணக்கில் சேர்ந்துவிடும்.