1960களில் கட்டிய கான்கிரீட் தேவாலயத்தைச் செப்பனிடுவதை எங்கிருந்து தொடங்குவது? பராமரிப்புக்குப் பணம் எப்படித் திரட்டுவது?

கேள்வி அனுப்பிய சபையார் நான்கு சிக்கல்களைச் சொல்லியிருக்கிறார்கள். தட்டைக் கூரை ஒழுகுகிறது. வெளிச்சுவரில் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. வண்ணக் கண்ணாடிச் சுவரில் விரிசல். சபையில் குடும்பங்கள் குறைந்துவிட்டன. கூடவே, "முழுக்கச் சிமெண்டு பூசி பெயின்ட் அடித்துவிடலாம்" என்று ஒப்பந்தக்காரர் கொடுத்த மதிப்பீடு ஒன்று. அதில் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். முதல் பணம் சோதனைக்குப் போகட்டும். எது எதனால் கெட்டது என்று எழுத்தில் இல்லாத விண்ணப்பத்தை நல்ல நிதியமைப்பு எதுவும் மதிக்காது.

அதற்கும் முன்னால், இந்த வாரமே சுவரடியில் ஆள் நடமாட்டத்தைத் தடுத்துவிடுங்கள். சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள்; பொள்ளலாக ஒலிக்கும் இடத்தில் தொங்கும் சில்லுகளை இறக்கி, எந்த இடத்துச் சில்லு என்று குறித்துப் பைகளில் போட்டு வையுங்கள். எந்தக் கல், எந்த மணல் கலந்தார்கள் என்பதை ஆய்வகம் அவற்றிலிருந்தே சொல்லிவிடும். கூரையின் வடிகால் வாய்களில் அடைந்த சருகை அள்ளுங்கள். சில கட்டடங்களில் ஒழுக்கு இதோடு நின்றுபோவதும் உண்டு.

கல்லால் கட்டிய தேவாலயத்துக்குச் செய்வதை இங்கே செய்ய முடியாது. சென்ட்ரிங் பலகையின் மரவரி பதிந்த கான்கிரீட்தான் இங்கே சுவர், அதுவேதான் அலங்காரம். மேலே பூசினால் கட்டடத்தின் முகமே போய்விடும். அடியில் துரு அதன்பாட்டுக்கு வேலை செய்யும். அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் மெல்லிய விளிம்புகளை விரும்பினார்கள். கூரையை வெளியே நீட்டவில்லை. நீர் சொட்டி விழ அடிப்பக்கத்தில் விட வேண்டிய காடியையும் பல இடங்களில் விட்டுவிட்டார்கள். மழை முகப்பிலேயே வழிகிறது. கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன், கட்டட வேலையில் 'கவர்' என்று சொல்வது, சில இடங்களில் 15 மி.மீ. கூட இராது.

அந்தக் கவர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. புதுக் கான்கிரீட்டின் பி.எச்., அதாவது காரத்தன்மையைக் காட்டும் எண், 12.5க்கு மேல்; அந்தக் காரத்தில் கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல உள்ளே இறங்கி அதை 9க்கும் கீழே கொண்டுவருகிறது. காரம் குறைந்த இந்தப் பகுதி கம்பிவரை வந்துவிட்டால், ஈரம் இருக்கும் இடத்தில் துரு தொடங்கும். துரு மூல இரும்பைப்போலப் பல மடங்கு இடம் கேட்பதால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது.

இதை அளப்பது எளிது. புதிதாக உடைத்த பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரம் மிச்சமிருக்கும் பகுதி இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதியின் ஆழத்தை அளவுகோலால் அளக்கலாம். இந்த ஆழம் ஏறத்தாழக் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும். 50 ஆண்டில் 25 மி.மீ. போயிருந்தால், 100ஆம் ஆண்டில் சுமார் 35 மி.மீ. தான். அதாவது 40 மி.மீ. கவர் உள்ள சுவரை நீங்கள் தொடவே வேண்டாம், 20 மி.மீ. உள்ள இடம் ஏற்கெனவே கைவிட்டுப்போனது. கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் கவர்மானியைக் கொண்டு முகப்பு முழுவதையும் கட்டம் கட்டமாக அளந்து, கவர், காரம் போன ஆழம் என்ற இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 'முழுக்கப் பூசுவது' என்ற வேலை பெரும்பாலும் சில ஜன்னல் விளிம்புகளாகவும் தூண் மூலைகளாகவும் சுருங்கிவிடும்.

இன்னொரு சோதனையை விட்டுவிடக்கூடாது: குளோரைடு. சீக்கிரம் இறுகுவதற்காக அக்காலத்தில் கலவையில் கால்சியம் குளோரைடு சேர்ப்பது வழக்கம். துளையிட்டு எடுத்த தூளில், சிமெண்டு எடையில் 0.4 சதவீதத்துக்கு மேல் குளோரைடு இருந்தால் கதை வேறு. அப்போது கெட்ட இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டால், புதுக் கலவைக்குள் இருக்கும் கம்பி பாதுகாப்பாகி, ஒட்டின் ஓரத்தைச் சுற்றியுள்ள பழைய கம்பி முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். சில ஆண்டுகளில் ஒட்டைச் சுற்றி வளையம்போல உதிர்வது இதனால்தான். ஒட்டின் ஓரங்களில் கம்பியோடு துத்தநாகத் துண்டுகளைக் கட்டிவிட்டால் துரு முதலில் துத்தநாகத்தைத் தின்னும். கம்பிக்கும் கான்கிரீட் பரப்பில் வைக்கும் மின்முனைக்கும் இடையிலான மின்னழுத்தத்தை அளக்கும் அரைக்கலச் சோதனையில், செப்பு–செப்பு சல்பேட் மின்முனை மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே காட்டும் இடங்களில், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே துரு ஓடிக்கொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டு வேலையில் தவறுவது அநேகமாக ஓரத்தில்தான். ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்து முடிக்கக்கூடாது. வெட்டும் கருவியால் குறைந்தது 10 மி.மீ. ஆழத்துக்கு நேராக அறுக்க வேண்டும். கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும் அளவு, 20 முதல் 25 மி.மீ. வரை, குடைந்தெடுத்துத் துரு இல்லாத கம்பி தெரியும்வரை இரு பக்கமும் போக வேண்டும். பழைய பரப்பு நனைந்திருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது. பழையதைவிட மிக உறுதியான கலவை நல்லது என்று நினைப்பார்கள். அதுதான் சுருங்கிப் பிரிந்துகொள்ளும். நிறத்துக்கு ஒரே வழி மாதிரிப் பலகைகள்: மூன்று நான்கு வகை மணல், இரண்டு வகைச் சிமெண்டு எடுத்து, மரவரி உள்ள பலகையில் வார்த்து, சில மாதம் வெயிலிலும் மழையிலும் விட்டுப் பிறகு தேர்ந்தெடுங்கள். ஈரத்தில் பொருந்திய நிறம் காய்ந்ததும் பொருந்தாது. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யாதீர்கள். மரவரி ஒரே நாளில் போய்விடும். நிறமற்ற சிலேன் பூச்சு நீரை விலக்கும், விரிசலை மூடாது.

கூரையை விரைவாகச் சொல்லிவிடலாம். கட்டி முடித்தபின் 80க்கு 1 சரிவு மிஞ்ச வேண்டுமானால் 40க்கு 1 என்று வடிவமைக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு வடிகால், போதாதற்கு ஒரு வழிந்தோடும் துவாரம். நீர் கட்டிச் சோதிப்பதாக இருந்தால் பொறியாளரைக் கேட்காமல் செய்யாதீர்கள்: 50 மி.மீ. நீர் என்பது சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம். தூணுக்குள் புதைத்த மழைநீர்க் குழாய்க்குள் கட்டாயம் கேமரா விட்டுப் பாருங்கள். கூரை ஒழுகுகிறது என்று நினைப்பது பலமுறை இந்தக் குழாயாகவே இருக்கும். ஒலி அடக்கும் கூரைப்பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ், பழைய இணைப்புப் பசையில் பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கக்கூடும், துளையிடும் முன் மாதிரி எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கண்ணாடிச் சுவர் ஈயப் பட்டையில் கோத்ததல்ல, சுமார் 25 மி.மீ. தடித்த கண்ணாடிக் கட்டிகளைக் கான்கிரீட்டிலோ எப்பாக்சியிலோ பதித்தது என்றால், விரிசலுக்குக் காரணம் கண்ணாடியும் அதைப் பிடித்திருக்கும் பொருளும் வெப்பத்தில் வெவ்வேறு அளவு விரிவது, இல்லையேல் உள்ளே வைத்த மெல்லிய கம்பி துருப்பிடிப்பது. வெளியே பாலிகார்பனேட் தகடு போட்டுக் காற்றுவழி இல்லாமல் மூடினால் நிலைமை மோசமாகும். இதைத் தொட சிறப்புக் கைவினைஞர் வேண்டும். அவசரமில்லாவிட்டால் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளுங்கள்.

இனிப் பணம். சாரம் கட்டுவது பெருஞ்செலவு என்பதால் ஒரு முகப்புக்கு ஒரே சாரத்தில் கான்கிரீட், ஜன்னல், இணைப்புப் பசை எல்லாவற்றையும் முடிக்கும்படி கட்டங்களைப் பிரியுங்கள். ஒப்பந்தத்தை மொத்தத் தொகையாகப் போடாமல், ஒட்டின் அளவுவாரியாக அலகு விலை வைத்து, செய்தபின் அளந்து கொடுங்கள். உளி பட்டதும் அளவு கூடுவது இந்த வேலையின் சுபாவம். கால்பங்கு எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்காத திட்டத்தை நான் நம்பமாட்டேன்.

மானியம் தருபவர்கள் பொதுவாக இணைநிதி கேட்பார்கள்: நீங்கள் ஒன்று திரட்டினால் நாங்கள் ஒன்று. வழிபாட்டிடங்களைப் பழுதுபார்க்க மானியம் தரும் அமெரிக்காவின் 'நேஷனல் ஃபண்ட் ஃபார் சேக்ரட் பிளேசஸ்' அமைப்பும் இணைநிதி கேட்கிறது. ஆகவே சோதனைக்கும் திட்ட அறிக்கைக்கும் ஆகும் சிறு தொகையைச் சபைக்குள்ளேயே திரட்டுங்கள். அது பின்னால் உங்கள் பங்காகக் கணக்கில் வருமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வழிபாட்டுக்குக் கொடுக்கத் தயங்கும் நிறுவனங்கள் கட்டடத்துக்குக் கொடுக்கும், ஆனால் தனி அறக்கட்டளையும் தனி வங்கிக் கணக்கும் இருந்தால். மூல வரைபடங்களைத் தேடி எடுங்கள். வடிவமைப்பாளரின் பெயரும் வரைபடமும் உள்ள விண்ணப்பத்துக்குத் தனி மரியாதை உண்டு.

ஆண்டுப் பராமரிப்புக்குக் கட்டடத்தின் இன்றைய மறுகட்டுமானச் செலவில் 2 முதல் 4 சதவீதம் என்பது பழைய கணக்கு. ஆண்டுக்கு 100 தேவை, வைப்புநிதியிலிருந்து 4 சதவீதம் எடுக்கலாம் என்றால் மூலதனம் 2,500 இருக்க வேண்டும். இதைப் பழுதுபார்ப்புக்கான திரட்டலோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள். வேலை முடிந்து கட்டடம் பளிச்சென்று நின்றபின், வடிகால் சுத்தம் செய்யப் பணம் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

சபை குறைவது பற்றி. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் ஈரோ சாரினென் வடிவமைத்து 1964இல் முடிந்த நார்த் கிறிஸ்டியன் தேவாலயத்துக்கு, பாதுகாப்புத் திட்டம் வகுக்க 'கெட்டி' (Getty) அறக்கட்டளை 2019இல் மானியம் கொடுத்தது. 2022இல் சபையே கலைந்துவிட்டது. கட்டடம் பொது நூலகத்தின் கைக்குப் போனது. திட்ட அறிக்கை தயாராக இருந்ததால் அடுத்து வந்தவர்கள் இருட்டில் துழாவ வேண்டியிருக்கவில்லை. உங்கள் அறக்கட்டளைப் பத்திரத்திலும் இதற்கு இடம் வையுங்கள்: சபை இல்லாமல் போனாலும் நிதி கட்டடத்தோடேயே போகும், வேறு கணக்குக்கு மாறாது என்று ஒரு விதி. பத்திரம் எழுதும்போதே சேர்த்துவிடுங்கள், பணம் சேர்ந்தபின் அந்த வரியை நுழைப்பது கடினம்.