இரண்டு பேர், ஒரு புத்தகம்: கேள்வி பதில்

கணவன் மனைவி சேர்ந்து படிப்பது, அடுத்து எதைப் படிப்பது, எந்தப் பதிப்பை வாங்குவது என்று வந்த கேள்விகளுக்கான பதில்கள். தமிழ் நாவல், அச்சு, கொஞ்சம் கல்வெட்டு: என் எல்லை அவ்வளவுதான்.

திருப்பூர் தம்பதி: பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் இருவரும் முடித்துவிட்டோம். அவருக்குக் கதை ஓட வேண்டும், எனக்கு மனிதர்கள் வேண்டும். அடுத்து என்ன படிக்கலாம்?

உடனே இன்னொரு சரித்திர நாவலைக் கையில் எடுக்காதீர்கள். நீங்கள் முடித்தது 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை. 293 அத்தியாயங்களில் பெரும்பாலானவை அடுத்த வாரத்துக்கு ஒரு கொக்கி போட்டுத்தான் முடியும். அதே ருசியைத் தேடிப் போனால் அடுத்த புத்தகம் எதுவானாலும் சப்பென்றுதான் இருக்கும். ருசியை மாற்றுங்கள்.

அவருக்குப் பூமணியின் வெக்கை (1982). கொலை தொடக்கத்திலேயே நடந்துவிடும். கொன்ற பையனும் அவன் அப்பாவும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரியும் நாட்கள்தான் நாவல். இதைத் தழுவி எடுத்த அசுரன் படம் பார்த்துவிட்டோமே என்று தள்ளிவைக்க வேண்டாம். படத்தின் பெரிய ஃப்ளாஷ்பேக் நாவலில் கிடையாது.

உங்களுக்கு உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரம். சுயசரிதை என்றதும் மிரள வேண்டாம், இதுவும் தொடராக வந்ததுதான். 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கி, 1942இல் அவர் மறைந்ததால் 122ஆவது அத்தியாயத்தோடு நின்றுபோனது. 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் முன்சீப்பாக (நீதிபதியாக) இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகும் பகுதியில் கொஞ்சம் நிதானியுங்கள். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கடைசியில் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். புத்தகம் கிடைக்கவில்லை, கிடைத்தால் படிக்கும் தைரியம் உண்டு என்கிறார் இவர். அதற்குப் பிறகு ஏழு வருஷம் ஏடு தேடி, 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். அந்தக் காட்சியை ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர் கேட்டால் அதன் சுவையே தனி.

இருவரும் ஒன்றாகப் படிக்க ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி (1972). ஜப்பான் படை இந்தோனேசியாவின் மெடான் நகருக்குள் நுழைவதில் தொடங்குகிறது. முதல் நாற்பது பக்கத்தில் மலாய்ச் சொல்லும் தெருப் பெயரும் மதுரை நினைவும் கலந்துவரும். எல்லாவற்றையும் புரிந்துகொண்டுதான் நகர்வேன் என்று நிற்பவர்கள் அங்கேயே கைவிடுகிறார்கள். நிற்காமல் போங்கள், பிற்பாடு தானாகப் பிடிபடும்.

எதை வாங்கினாலும் கடையிலேயே ஃபாரம் பாருங்கள். டெம்மி அளவுப் புத்தகம் பெரும்பாலும் 16 பக்கம் கொண்ட ஃபாரங்களாக அச்சாகி, மடித்து, அடுக்கிக் கட்டப்படுகிறது. ஒரு ஃபாரம் விடுபடலாம், இரண்டு தடவை வரலாம், தலைகீழாகவும் போகலாம். 16–17, 32–33, 48–49 என்று ஒவ்வொரு ஃபாரம் முடியும் இடத்தையும் புரட்டி, எண் தொடர்கிறதா என்று பார்த்தால் போதும். இரண்டு நிமிஷ வேலை.

கோவை வாசகர்: நான் ஒரு மணி நேரத்தில் ஐம்பது பக்கம் படிப்பேன், மனைவி இருபது. ஒரே பிரதி போதுமா?

போதாது. உங்கள் வேகத்துக்கு 300 பக்க நாவல் ஆறு மணி நேரம், அவருக்குப் பதினைந்து. ஒரே பிரதி என்றால் ஒருவர் காத்திருக்க வேண்டும், காத்திருப்பவர் முடிவைச் சொல்லிவிடுவார். இரண்டு பிரதி வாங்குங்கள், ஆனால் இரண்டும் ஒரே பதிப்பாக இருக்கட்டும். இல்லாவிட்டால் "நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் பார்த்தீர்களா" என்ற பேச்சுக்கே வழியில்லை. பேசவேண்டிய எல்லையைப் பக்கத்தால் குறிக்காமல் அத்தியாயத்தால் குறியுங்கள். முன்னால் போகிறவர் எல்லையில் நின்று வேறு சிறுகதை ஏதாவது படிக்கலாம். இரண்டு பிரதியிலும் ஃபாரம் பாருங்கள்.

மதுரை: பிடிஎஃப் கிடைக்குமா?

நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களில் பல மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாக உள்ளன. உயிரோடு இருக்கும் எழுத்தாளர்களின் நூலுக்கு என்னிடம் கேட்க வேண்டாம்.

மும்பையிலிருந்து: என் மனைவிக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமம். சேர்ந்து படிக்க வழி உண்டா?

உண்டு. நீங்கள் படியுங்கள், அவர் கேட்கட்டும். பேச்சுத் தமிழ் தெரிந்தவருக்கு வட்டார வழக்கு நாவல்கள் கண்ணைவிடக் காதில் நன்றாக ஏறும். கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம் (1976) அப்படிக் கேட்பதற்கென்றே எழுதியது போல இருக்கும். பாட்டி சொல்லும் கதையின் தொனி அதில் உண்டு. கரிசல் சொல் புரியாத இடத்துக்கு அவரே தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி இருக்கிறது. நடுவில் நிறுத்திப் பொருள் பார்க்காதீர்கள். சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துவைத்து அத்தியாயம் முடிந்ததும் பாருங்கள், பாதிக்கு அதற்குள் பொருள் விளங்கியிருக்கும். தனியாகப் படிக்க விரும்பினால் வெக்கைக்கு என். கல்யாண் ராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்துள்ளது. நீங்கள் மூலத்தையும் அவர் அதையும் வைத்துக்கொள்ளலாம்.

திருநெல்வேலி: பொன்னியின் செல்வன் முடித்தாயிற்று. அடுத்து?

முதல் பதில்.

சேலம் தம்பதி: பொன்னியின் செல்வனில் வரும் நந்தினி உண்மையாக வாழ்ந்தவள் என்கிறார் என் கணவர். கற்பனை என்கிறேன் நான். தீர்ப்புச் சொல்லுங்கள்.

நீங்கள் ஜெயித்தீர்கள். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் மூவரும் கல்கி படைத்தவர்கள். வந்தியத்தேவன் என்ற பெயருக்குக் கல்வெட்டு ஆதாரம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ராஜராஜனின் அக்கா குந்தவையை வல்லவரையர் வந்தியதேவரின் தேவி என்று குறிக்கிறது. வந்தியத்தேவன் குதிரையில் போனது, ஓலை கொண்டுபோனது எல்லாம் கதை.

அதே கணவர்: ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை மட்டும் உண்மைதானே? அப்படியானால் கொன்றது அதன்பின் பட்டமேறிய உத்தம சோழன்தான். சொல்லத் தயங்குகிறீர்கள்.

தயக்கம் ஒன்றும் இல்லை. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கோயிலில் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பேச்செல்லாம் அவர்களும் உறவினர்களும் வைத்திருந்த சொத்தைப் பற்றியது. அரசனின் ஆணை, நிலக் கணக்கு, அவ்வளவே. ஏன் கொன்றார்கள், யார் ஏவினார்கள் என்று ஒரு வரியும் இல்லை. உத்தம சோழனைச் சந்தேகித்தவர் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி. மறுத்தவர் இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார். இருவர் முன்னாலும் இருந்தது அதே கல்வெட்டுதான்.

வேறொருவர், தஞ்சை: உத்தம சோழன் ஆண்ட பதினைந்து வருஷம் நடவடிக்கை இல்லை, ராஜராஜன் வந்ததும் நடவடிக்கை. இது போதாதா?

சந்தேகத்துக்குப் போதும், தீர்ப்புக்குப் போதாது. ராஜராஜன் பட்டமேறியது 985. கல்வெட்டு இரண்டாம் ஆண்டினது. அதுதான் முதல் நடவடிக்கை என்று அந்தக் கல்வெட்டு சொல்லவில்லை. முன்பே எடுத்த நடவடிக்கையின் மிச்சமாகவும் இருக்கலாம். திருவாலங்காட்டுச் செப்பேடு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை அரியணை வேண்டாம் என்று அருள்மொழி (பின்னாளில் ராஜராஜன்) ஒதுங்கியதாக அதில் வருகிறது. ஆனால் அது ராஜேந்திரன் காலத்து அரசவைப் புகழ்ச்சி, சாட்சி வாக்குமூலமாக எடுக்க முடியாது.

சேலம் மனைவி: அப்படியானால் ரவிதாசன் பாண்டிய ஆபத்துதவி (அரசனுக்காக உயிரையும் கொடுக்கும் மெய்க்காவலன்) என்பதும் கற்பனையா?

நாவலில் வரும் வடிவம் கற்பனை. கல்வெட்டில் அவனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்ற பட்டம் இருக்கிறது. பிரமாதிராஜன் என்பது அந்தண அதிகாரிகளுக்குச் சோழர் கொடுத்த பட்டம். பஞ்சவன் என்பது பாண்டியனின் பெயர். அந்த ஒரு சொல்லைப் பிடித்துத்தான் பாண்டியத் தொடர்பு பேசப்படுகிறது. கல்கி அதிலிருந்து ஒரு சதிக்கூட்டத்தையே கட்டிவிட்டார், நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. படிக்கிறவர் அதை வரலாற்றுத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும். இனி இதைப் பற்றி வரும் ஒன்பது கேள்விக்கும் இதே பதில்தான்.

ஈரோடு: பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் ஒரே தொகுதியாக மலிவு விலையில் கிடைக்கிறது. வாங்கலாமா?

தூக்கிப் பாருங்கள். படுத்துக்கொண்டு படிப்பவரானால் வேண்டவே வேண்டாம். பிறகு முதுகின் மேல்விளிம்பைப் பாருங்கள். தாள்கள் சின்னச் சின்னக் கட்டுகளாக மடிந்து தெரிந்து, கட்டின் நடுவே நூல் இருந்தால் தையல் கட்டு. நேராக வெட்டிப் பசை மட்டும் போட்டிருந்தால், அவ்வளவு தடிமனில் இரண்டு பேர் படித்து முடிப்பதற்குள் நடுத்தாள் கையோடு வரும். நடுப்பக்கத்தைத் திறந்து மேசையில் வையுங்கள். உள் ஓரத்து எழுத்து மடிப்புக்குள் புதைந்தால் வைத்துவிடுங்கள். நாட்டுடைமை நூல் என்பதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆகவே அச்சுப்பிழையும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். சுருக்கப் பதிப்பும் அதே அட்டைத் தோரணையில் வரும். கடைசிப் பாகமான தியாகச் சிகரத்தில் 91 அத்தியாயம் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஃபாரத்தை மறக்க வேண்டாம்.

பெயர் வேண்டாம்: அலமாரியில் பூச்சி. மருந்து என்ன?

நூலகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கேளுங்கள்.

திருச்சி: நாங்கள் இருவரும் பொன்னியின் செல்வன் இப்போதுதான்…

முதல் பதில்.

நாகர்கோவில் தம்பதி: ஊருக்கு வந்த பிறகுதான் பார்த்தோம், 208ஆம் பக்கத்துக்கு அடுத்து 225 வருகிறது. என்ன செய்வது?

16ஆல் வகுத்துப் பாருங்கள். 208ஓடு 13ஆவது ஃபாரம் முடிகிறது. 14ஆவது ஃபாரம், அதாவது 209 முதல் 224 வரை, அடுக்கும்போது விடுபட்டிருக்கிறது. பக்கம் கிழிந்ததல்ல, ஆகவே மாற்றித் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. 208ஐயும் 225ஐயும் சேர்த்து ஒரு படம், பதிப்பு ஆண்டு இருக்கும் பக்கத்தை ஒரு படம், பில் இருந்தால் அதையும் எடுத்துப் பதிப்பகத்துக்கு அனுப்புங்கள். வேறு பிரதி வந்ததும் முதலில் 208ஆம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதே கட்டில் அடுக்கிய அடுத்த பிரதியிலும் அதே ஃபாரம் போயிருக்கலாம்.