வாட்ச்ல 130 வரலைன்னு மாத்திரைய விட்டுட்டீங்களாண்ணா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 58, காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு. ரெண்டு வருசமா நெஞ்சு தாறுமாறா அடிக்குது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு சொன்னாங்க. மெட்டோப்ரோலால் 50 காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, ரத்தம் கட்டாம இருக்க தனியா ஒரு மாத்திரை. தினமும் கேஆர்பி டேம் பக்கம் நடக்குறேன். மருமகன் வாங்கிக் குடுத்த வாட்ச்ல எவ்ளோ வேகமா நடந்தாலும் துடிப்பு 100 தாண்டல, 130 வந்தாத்தான் எக்ஸர்சைஸ்ங்கிறாரு. போன வாரம் ரெண்டு நாள் மாத்திரை போடாம போனேன், 140 வந்துச்சு. இப்படியே பண்ணலாமா?

பதில்: வேணாண்ணா. மருமகன் சொல்ற கணக்கு 220ல இருந்து வயச கழிக்கிறது, உங்களுக்கு 162 வரும், அதுல ஒரு பங்கு எடுத்து 130ங்கிறாரு. மெட்டோப்ரோலால் மாதிரி துடிப்ப அடக்குற மாத்திரை சாப்பிடாதவங்களுக்கு, அதுவும் துடிப்பு சீரா இருக்கறவங்களுக்குத்தான் அந்தக் கணக்கு. உங்களுக்கு 100 தாண்டலைன்னா மாத்திரை அதோட வேலைய பாக்குதுன்னுதான் அர்த்தம்.

அந்த 140 ஏன் நல்லதில்லன்னா, அடிபம்ப நெனச்சுப் பாருங்க, கைப்பிடிய முழுசா தூக்கி இறக்காம சும்மா படபடன்னு அடிச்சா சத்தம்தான் வரும், குடம் ரொம்பாது. இதயமும் அப்படித்தான், ரத்தம் ரொம்பறதுக்குள்ள அடிச்சுட்டா வெளிய போறது கம்மி, இதே வேகத்துல மாசக்கணக்கா ஓடுனா தசையே வீக் ஆகிடும். இன்னொண்ணு, மெட்டோப்ரோலால திடீர்னு நிறுத்துனா துடிப்பும் பிபியும் முன்னவிட எகிறும், சில பேருக்கு நெஞ்சு வலியே வந்துரும். நேரம் மாத்தணும்னா உங்க டாக்டர கேட்டு மாத்திக்கலாம், விடக்கூடாது.

வாட்ச் நம்பரையும் ரொம்ப நம்பாதீங்க. இந்த நோய்ல சில துடிப்பு பலமில்லாம அடிக்கும், அது மணிக்கட்டு வரைக்கும் வந்து சேராது. போன வாரம் ஒருத்தருக்கு வாட்ச்ல 78, நான் ஸ்டெத் வெச்சு எண்ணுனா 104. வீட்டுல பாக்கறதா இருந்தா அஞ்சு நிமிசம் உக்காந்துட்டு நாடிய முழுசா ஒரு நிமிசம் எண்ணுங்க, துடிப்பு சீரா இல்லாததால 15 செகண்டு எண்ணி நாலால பெருக்குறது உங்களுக்கு செட் ஆகாது. ஓய்வா இருக்கறப்ப எவ்ளோ இருக்கலாம்னு நெதர்லாந்துல 614 பேர வெச்சுப் பாத்தாங்க, 2010ல வந்துச்சு, 80க்குக் கீழ கொண்டு வந்தவங்களவிட 110க்குக் கீழ வெச்சிருந்தவங்க ஒண்ணும் மோசமா போயிடல. அதனால ஒவ்வொரு நம்பருக்கும் பதறாதீங்க, ஆனா 50க்குக் கீழ இறங்கி தலையும் சுத்துச்சுன்னா அன்னிக்கே டாக்டர பாருங்க.

அப்ப எதை வெச்சு நடக்கறது? மூச்ச வெச்சுதான். கூட நடக்கறவர்கிட்ட பெங்களூரா மாங்கா என்ன ரேட்டு போச்சுன்னு முழுசா பேச முடியணும், ஆனா பாட்டு பாட முடியக்கூடாது. அதான் உங்க வேகம். மொத பத்து நிமிசம் மெதுவா, கடைசி பத்து நிமிசமும் மெதுவா, வேகமா நடந்துட்டு சட்டுனு நின்னீங்கன்னா இந்த மாத்திரைக்கு கண்ணு இருட்டும். வாரத்துக்கு 150 நிமிசம் வந்தா போதும், தோப்புல நடக்கறதையும் சேத்துக்கலாம். மாங்கா கிரேட் தூக்கறப்ப மட்டும் மூச்ச அடக்கிட்டுத் தூக்காதீங்க.

கால் கனமா, அசதியா இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, டோஸ் கொறைக்கலாம், வேற மாத்திரைக்கும் மாத்தலாம், நிறைய பேர் இத சொல்லாமயே தானா நிறுத்திடறாங்க. சுகர் மாத்திரையோ இன்சுலினோ இருந்தா ஒண்ணு கவனிங்க, சுகர் எறங்குறப்ப வர்ற படபடப்பும் நடுக்கமும் இந்த மாத்திரைல தெரியாம போயிடும், வேர்வை மட்டும்தான் காட்டிக் குடுக்கும். நடக்கறப்ப நெஞ்சு வலி, மயக்கம், வாய் கோணுறது, ஒரு பக்க கை கால் விழறதுன்னா வீட்டுக்கு வந்து பாத்துக்கலாம்னு இருக்காம அங்கயே உக்காந்து 108க்கு அடிங்க.

அந்த ரெண்டாவது மாத்திரை, ரத்தம் கட்டாம இருக்கறது, அதையும் போன வாரம் சேத்து விட்டீங்களான்னு நீங்க எழுதல, விட்டிருந்தா அதுதான் எனக்கு பெரிய பயம், பக்கவாதத்த தடுக்கறதே அதுதான். அத சாப்பிடற வரைக்கும் மரம் ஏறி காய் பறிக்கறத வேற ஆளுக்கு விட்டுருங்க, தப்பித்தவறி விழுந்து தலைல அடிபட்டா வெளிய காயமே இல்லன்னாலும் அன்னிக்கே ஜிஎச் போய் இந்த மாத்திரை சாப்பிடறேன்னு சொல்லி ஸ்கேன் எடுத்துருங்க.