குரங்கு ஆராய்ச்சி படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் அம்மா. பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், "குரங்குகளோட ஹார்மோனைத்தான் ஆராயப் போறேன்" என்று சொன்னதிலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வேலையைப் பற்றிப் பேசுவோம். அதற்கு முன், பிள்ளையைப் பிடித்துக்கொண்ட கேள்வி எது என்று பார்த்துவிடுங்கள்.

மாண்ட்ரில் என்றொரு குரங்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழ்கிறது. ஆண் 30 கிலோவுக்கு மேல் வளரும். பெண் 12 கிலோ அளவில் நின்றுவிடும். ஒரே காடு, ஏறக்குறைய ஒரே தீனி, அப்புறம் ஏன் இப்படி? மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் வளர்ச்சி ஹார்மோன் கல்லீரலைத் தூண்டி ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. எலும்பு நீள இதுவும் முக்கியக் காரணம். ஆணுக்குப் பருவத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கூடுவதோடு, வளரும் காலமும் நீள்கிறது. காபோன் நாட்டில் பிரான்ஸ்வில் ஊரிலுள்ள ஆய்வு மையத்தில் கவனித்தபோது, கூட்டத்தில் மேல்நிலையில் இருக்கும் ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் அதிகம், முகச் சிவப்பும் அதிகம், உடலும் தடித்திருந்தது. பெரிய ஆணுக்கே குட்டிகள் அதிகம் பிறந்தால், எத்தனை வயதுவரை வளர்வது என்ற கணக்கே தலைமுறை தலைமுறையாக மாறும். எனக்கு இது அருமையான கேள்வியாகவே படுகிறது.

சரி, வேலை. நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. பிஎச்.டி. முடிய முப்பது வயதை நெருங்கிவிடும். இதை மறைக்க மாட்டேன். ஆனால் தேசிய அளவிலான நெட் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு, அந்த ஆண்டுகளில் உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. எம்.எஸ்சி.க்கு மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி, டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) மூன்றையும் பாருங்கள். அதற்குப் பிறகு ஆராய்ச்சிக்கு ஹைதராபாத் லாகோன்ஸையும் பாருங்கள்; அழிந்துவரும் விலங்குகளைக் காப்பதற்கான அந்த ஆய்வகத்தில், விலங்கைப் பிடிக்காமலே அதன் மலத்திலிருந்து ஹார்மோன் அளவைக் கண்டறிகிறார்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எலைசா போன்ற ஹார்மோன் பரிசோதனையையும் புள்ளியியலையும் அவள் கையோடு கற்க வேண்டும். குரங்கு வேலை தாமதமானாலும் மருந்து நிறுவனமோ பரிசோதனைக்கூடமோ அந்தக் கைப்பழக்கத்தைக் கேட்கும்.

இந்த விடுமுறையில் வால்பாறைக்கு அனுப்பி வையுங்கள். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையோரமே வரும். மழையில், அட்டைக்கடியோடு ஒரு வாரம் நின்று பார்க்கட்டும். திரும்பி வந்தும் இதையே சொன்னால், இருவரும் நேரில் வாருங்கள், விண்ணப்பத் தேதிகளைக் குறித்துத் தருகிறேன்.