பொவிஸ் கோட்டை யாருக்கெல்லாம் சொந்தமாக இருந்தது? ஆவணங்களைத் தேடும் வழி

வாசகர் கேள்வி: வேல்ஸில் வெல்ஷ்பூல் அருகிலுள்ள பொவிஸ் கோட்டையில் திப்பு சுல்தானின் கூடாரத்தைப் பார்த்தபின், அந்த எஸ்டேட்டின் உரிமை வரலாற்றை எழுத முனைந்துள்ளேன். ராபர்ட் கிளைவ் இந்தியப் பணத்தில் வாங்கிய கோட்டை என்று எண்ணித் தேடினேன். கிரயப் பத்திரம் எங்கும் அகப்படவில்லை. என்ன செய்வது?

பதில்: ராபர்ட் கிளைவ் பொவிஸை வாங்கவே இல்லை என்பதால் அந்தப் பத்திரம் கிடைக்காது. அவர் பக்கத்து ஷ்ராப்ஷயரில் வால்காட் முதலிய சொத்துகளை வாங்கினார். 1774-இல் இறந்தும் விட்டார். அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1784-இல், அவருடைய மூத்த மகன் எட்வர்ட் கிளைவ் பொவிஸ் பிரபுவின் மகள் ஹென்றியெட்டா ஹெர்பர்ட்டை மணந்தார். அப்போதும் கோட்டை ஹென்றியெட்டாவின் அண்ணனிடமே இருந்தது. அவர் மணமாகாமலே 1801-இல் இறந்ததால், சொத்து தங்கை ஹென்றியெட்டாவின் மகனுக்கு வந்தது. அந்த இளைஞர் 1807-இல் அரச அனுமதியோடு கிளைவ் என்ற குடும்பப் பெயரை விட்டு ஹெர்பர்ட் ஆனார். இடையில், 1798 முதல் 1803 வரை சென்னையின் ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவுக்கு 1804-இல் பொவிஸ் பிரபு பட்டம் கிடைத்தது. திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த 1799-ஆம் ஆண்டு அந்தப் பதவிக்காலத்துக்குள் அடங்குவதை நினைவில் கொண்டால், கூடாரம் அங்கே இருப்பதன் பின்னணி விளங்கும்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியவை திருமண ஒப்பந்தம், உயில், பெயர் மாற்ற அனுமதி ஆகிய மூன்றும்தான். பிரிட்டிஷ் பிரபுக் குடும்பங்களில் நிலம் பெரும்பாலும் இந்த வழிகளிலேயே கைமாறியது. குடும்பப் பெயரை மட்டும் பின்தொடர்பவர், பொவிஸில் ஹெர்பர்ட்டுகள் இடைவிடாமல் ஆண்டதாகவே முடிவு செய்துவிடுவார்.

பழைய கட்டங்களிலும் ஒவ்வொரு கைமாற்றத்தின் தன்மையை முதலில் தீர்மானியுங்கள். 13-ஆம் நூற்றாண்டில் கோட்டையைக் கட்டிய வேல்ஸ் இளவரசர் மரபிலிருந்து அது சார்ல்டன் குடும்பத்துக்குப் போனது திருமணத்தால். மெய்யான கிரயம் 1587-இல் சர் எட்வர்ட் ஹெர்பர்ட் வாங்கியபோது நடந்தது. 1688-இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரைப் பின்தொடர்ந்து பொவிஸ் பிரபு நாடு கடந்ததும், மூன்றாம் வில்லியம் அந்தச் சொத்தை ராச்ஃபர்ட் பிரபுவுக்குக் கொடுத்தார். ஹெர்பர்ட்டுகள் 1722-இல்தான் திரும்பப் பெற்றார்கள். இந்தப் பறிமுதல் காலத்தைக் குடும்பத் தாள்களில் மட்டும் தேடினால் பாதிக் கதையே கிடைக்கும்; அரசாங்க ஆவணங்களையும் பார்த்தாக வேண்டும்.

பொவிஸ் எஸ்டேட்டின் ஆவணத் தொகுப்பு அபெரிஸ்ட்வித்திலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது, அங்கிருந்தே தொடங்குங்கள். 1858-க்கு முந்தைய பெருநிலக்காரர்களின் உயில்கள் பல லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எந்த வயல் யாருக்குச் சொந்தம், அதில் யார் பயிரிட்டார் என்பதை அறிய, 1836-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரையப்பட்ட தசமபாக (திருச்சபைக்குச் செலுத்திய விளைச்சல் வரி) வரைபடங்கள் மிகவும் உதவும். வேல்ஸ் தேசிய நூலகம் அவற்றை இணையத்தில் வைத்துள்ளது. நிலப் பதிவேட்டை நம்பிக் காலத்தை வீணாக்காதீர்கள். இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் விற்பனைப் பதிவு கட்டாயமானது 1990-இல்தான்.

கடைசிக் கைமாற்றம் 1952. நான்காம் பொவிஸ் பிரபுவின் மகன்களில் ஒருவர் 1916-இலும் மற்றவர் 1943-இலும் போர்ப்பணியில் உயிரிழந்தனர். கோட்டையை அவர் பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட்டுக்கு எழுதி வைத்தார். சுற்றியுள்ள பெருநிலம் அதில் சேரவில்லை. கோட்டை, நிலம், உள்ளே இருக்கும் பொருட்கள் ஆகிய மூன்றின் உரிமையையும் உங்கள் கட்டுரையில் தனித்தனியாகவே எழுதுங்கள்.